நெடும்பாசேரி – கோவை – நெடும்பாசேரி

பலகையில் சார்ஜாவுக்கு நேரே
சிவப்பாக ஒரு சொல் வந்தது.
பக்கத்தில் நின்ற சாலக்குடிக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் படித்து,
"கோயம்புத்தூர்க்கு திரிச்சு விட்டு" என்றார்.

இடவப்பாதி மழை.
பார்க்கிங்கில் என் ஆம்னியின் வைப்பர்
ஒரு பக்கம்தான் ஓடும்.
மேலே ஏதோ வட்டமடித்த சத்தம் கேட்டிருந்தேன்,
அல்லது அது ஜெனரேட்டர்.

அஞ்சரைக்கு அண்ணன் கூப்பிட்டான்.
மூன்று வருஷத்தில் வக்கீல் நடுவில் இல்லாத
முதல் போன்.
"டேய், நான் கோயம்புத்தூர்ல நிக்கறேன்.
உள்ளயே. கதவு தொறக்கலை."

பைலட் சொன்னாராம்:
ஆகாய வழியில் நூத்தியிருபது கிலோமீட்டர்,
மழை விட்டால் இருபத்தஞ்சு நிமிஷம்,
யாரும் எழுந்திருக்க வேண்டாம்.

பீளமேட்டிலிருந்து வேலந்தாவளம் வழியாகக்
கொழிஞ்சாம்பாறைக்கு
ஒண்ணேகால் மணி நேரம்.
நான் நிற்கிற இடத்திலிருந்து
குதிரான் குகையும் சேர்த்து மூன்றரை.
வர வேண்டியவன் வீட்டுக்குப் பக்கத்தில்.
கூட்டிப்போக வந்தவன் தூரத்தில்.

"அப்ப நம்ம ஊரு மேலதான் வந்திருப்பே."
"ஆமா."
"பாத்தியா?"
"இருட்டு. நடு சீட்டு வேற."

ஏழு மணிக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.
எட்டு மணிக்கு ஒரு சர்க்கரைக்காரர்
பிஸ்கட் கேட்டுச் சண்டை.
எட்டே முக்காலுக்கு அண்ணன்,
குரலைத் தாழ்த்தி,
"சிங்காநல்லூர்ல என்ற மாமனார் வூடு.
எறங்கி நடந்தா
காபிக்குப் போயிரலாம்டா" என்றான்.
சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.
அவனும் அடக்கியது கேட்டது.

ரெண்டு மணிக்கு ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் டோக்கன்.
பாகப் பத்திரம். எங்கள் ஊரில் ஆதாரம் என்போம்.
ஒன்றரை ஏக்கர், நடுவில் ஒரு போர்வெல்.
சர்வேயர் சங்கிலி இழுத்தது இரண்டு தடவை,
வாய்தா எட்டு,
சண்டை பதினோரு அடிக்கு.
கடைசியில் தண்ணீர் மட்டும்
ஒருநாள் விட்டு ஒருநாள் என்று முடிவானது.
அவன் நாளில் அண்ணி வந்து ஸ்விட்சைப் போடுவாள்,
என் பக்கம் பார்க்காமல்.

கேன்டீனில் டீ ஆறிக்கொண்டிருந்தது.
போனில் கால்குலேட்டரைத் திறந்து
விமானத்தின் வேகத்தை
எங்கள் நிலத்தின் நீளத்தால் வகுத்தேன்,
பிறகு தலைகீழாக வகுக்க வேண்டும் என்று தெரிந்து
மறுபடி வகுத்தேன்.
அரை செகண்டு கூட இல்லை.
ஸ்கூலில் கணக்கு எனக்கு வராது.
மூன்றாம் தடவையும் அதே விடை.

பத்து அஞ்சுக்கு இறங்கியது.
பெட்டி வரப் பதினொன்று.
சவரிமுத்து என்று கத்திக் கூப்பிட நினைத்தவன்
கையை மட்டும் தூக்கினேன்.
தலை நரைத்திருந்தது. பெல்ட் ஒரு துளை உள்ளே.
"வைப்பர் இன்னும் மாத்தலையா?"
என்றான் ஏறி உட்கார்ந்து.

குதிரானில் சிக்னல் போனது.
ஆலத்தூரில் ரெண்டு மணி அடித்தபோது
பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தோம்.
டோக்கன் போச்சு என்று இருவருமே சொல்லவில்லை.
பில்லுக்கு அவன் பர்ஸைத் திறந்தான்,
எல்லாம் திர்ஹாம்.
நான் கொடுத்தேன்.
"வரவு வச்சுக்கோ" என்றான்.

சித்தூர் தாண்டியதும் ரோடு காய்ந்துவிட்டது.
விமானத்தைத் திருப்பி அனுப்பின மழை
எங்கள் பனைகளுக்கு
ஒரு தூறல்கூட அனுப்பவில்லை.
ஆம்னிக்குப் பின்னால் புழுதி.

இறங்கினான்.
அண்ணி வாசலில் நிற்பதைப் பார்த்தும்
பெட்டியைத் தொடாமல்
நேரே வரப்பில் நடந்து
மோட்டார் ரூம் முன்னால் நின்றான்.

"போட்டியா இன்னிக்கு?"

"இல்லைண்ணா. இன்னிக்கு உன்ற மொறை."

பேன்ட்டில் ஒட்டின புழுதியைத் தட்டிவிட்டான்.
"இருட்டறதுக்குள்ள போடு" என்றான்.
எந்தப் பக்கத்து வாய்க்காலுக்கு
என்று சொல்லவில்லை.